நடக்காத வழக்கின் கெடு

ஒரு நீதிபதி என்னை நம்பவில்லை என்ற நினைப்போடு லண்டனில் பல வருடங்கள் வாழ்ந்தேன். அந்த நீதிபதியை நான் பார்த்ததில்லை. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஆனாலும் சமையலறையில் வெங்காயம் உரிக்கும்போதும், பஸ்ஸின் மேல்தட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், மனோர் பார்க் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போதும் அந்த ஆள் எங்கோ எதிரில் இருந்துகொண்டு, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குவதுபோல இருக்கும். இப்போது அந்தப் பாரம் இல்லை. அதை இறக்கிவைத்தவர்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முதலில் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்போது நான் சாண்ட்விச் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தேன். குளிர் அறையிலிருந்து வரும் பெட்டிகளை ஆள் உயரக் கம்பிக் கூண்டுகளில் அடுக்கி, லொறி நிற்கும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போவோம். கூண்டின் அடியில் உருளுகிற நான்கு சில்லுகள், காலால் அழுத்துகிற பிரேக். அதில் ஒரு கூண்டின் பிரேக் பிடிப்பதில்லை. நான் அதை சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த நாள் அதே கூண்டு, லொறிக்கு இறங்குகிற சரிவில், பெட்டிகளோடு தானாக உருண்டு வந்து என் வலது கையைக் கதவு நிலையோடு சேர்த்து நசுக்கியது.

ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். இரண்டு முறை அறுத்துத் தைத்தார்கள். இருந்தும் மோதிர விரலும் சுண்டுவிரலும் மடங்க மறுத்துவிட்டன. துணி பிழிய முடியாது. தேங்காய் துருவ முடியாது. மகளுக்கு அப்போது நீளத் தலைமயிர். பஸ் ஓட்டும் என் கணவர் காலை ஷிப்டுக்குப் போகுமுன் பின்னல் போடப் பழகினார். முதல் வாரம் அது தும்புக் கயிறு மாதிரி இருந்தது. மகள் அழாமல் அதோடு பள்ளிக்கூடம் போனாள். தொழிற்சாலைக்காரர்கள், நான் பிரேக்கைப் பற்றி யாரிடமும் சொல்லவே இல்லை என்றார்கள். சூப்பர்வைசருக்கு ஞாபகம் இல்லையாம்.

அப்டன் பார்க்கில் ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் சொலிசிட்டராக இருந்தார். எல்லாரும் அவரை லோயர் அண்ணை என்பார்கள். என் கணவருக்கு இந்த நாட்டில் தங்க அனுமதி எடுத்துத் தந்தவர் அவர்தான். அந்த வேலையை அவர் ஒழுங்காகவே செய்தார்; அதை இப்போதும் மறுக்க மாட்டேன். படியேறிப் போனால் இஞ்சி போட்ட பிளேன்டீ தருவார். ஊரில் எந்தத் தெரு, எந்த ஒழுங்கை, எந்தப் பள்ளிக்கூடம் என்று விசாரிப்பார். என் கையைத் தன் இரண்டு கைகளாலும் ஏந்திப் பார்த்துவிட்டு, இது வெல்லக்கூடிய வழக்கு, நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்றார். அன்றைக்குப் படி இறங்கும்போதே எனக்குப் பாதி வலி போய்விட்டது.

பிறகு காத்திருந்தோம். இடைக்கிடை போய் விசாரிப்போம். வழக்கு நகருகிறது என்பார். எதிர்ப்பக்கம் இழுத்தடிக்கிறது என்பார். இங்கே வழக்குகள் அப்படித்தான் என்று எங்களுக்குத் தெரிந்தவர்களும் சொன்னார்கள். நான் கோர்ட்டுக்கு வர வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், என் வாக்குமூலத்தை நீதிபதி வாசித்துப் பார்த்தே முடிவு செய்வார், கை ஏலாத நேரத்தில் ஏன் அலைய வேண்டும் என்றார். அவ்வளவு கரிசனம்.

நாலாவது வருடம் ஒருநாள் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, ஜட்ஜ் உங்களை நம்பேல்லை."

அதற்கு மேல் அவர் சொன்னதெல்லாம் எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. நான் பிரேக்கைப் பற்றிச் சொன்னதாகச் சொல்வது பொய் என்று நீதிபதி கருதுகிறாராம். அப்பீல் செய்தால் இன்னும் மோசமாகப் போகலாமாம். தான் எங்களிடம் ஒரு சதமும் வாங்கப் போவதில்லையாம். நாங்கள் எழும்பி அவருக்கு நன்றி சொன்னோம். என் கணவர் அடுத்த கிழமை அவருக்கு ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

பொய்க்காரி என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் திருப்பிச் சொல்லலாம். முகமே தெரியாத ஒருவர், அதுவும் நீதிபதி, ஆற அமர யோசித்துச் சொன்னால் என்ன செய்வது? நான் கையைப் பற்றிப் பேசுவதை விட்டேன். யாராவது கேட்டால் ஒரு விபத்து என்று சொல்லி முடித்துவிடுவேன். டாக்டரிடம் போனால், வலி எவ்வளவு என்று கேட்கிற இடத்தில் குறைத்துச் சொல்வேன். வேறு ஒரு விஷயத்துக்காக கவுன்சில் ஆபீஸுக்குப் போனபோது, கேட்காத தாள்களையெல்லாம் எடுத்து மேசையில் பரப்பினேன். அந்தப் பெண் புரியாமல் என்னைப் பார்த்தாள். ஒரு முறை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, என் கணவர் கேட்டார்: "நீர் அந்த மனிசனுக்குப் பிரேக்கைப் பற்றிச் சொன்னது நல்லா ஞாபகம் இருக்கோ?" அவர் நல்ல மனிதர். சந்தேகத்தில் கேட்கவில்லை, சும்மா கேட்டார். ஆனால் அன்றைக்குப் பிறகு நானே என்னைக் கேட்கத் தொடங்கிவிட்டேன். உண்மையில் சொன்னேனா? இல்லை, சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டு சொல்லாமல் விட்டுவிட்டேனா? அந்த சூப்பர்வைசர் தலையாட்டிய காட்சி வர வர மங்கலாகியது.

இப்படியே வருடங்கள் போயின. நான் ஒரு ஆரம்பப் பள்ளியில் மத்தியானச் சாப்பாடு பரிமாறும் வேலைக்குப் போனேன். மகள் வளர்ந்து வேலைக்குப் போனாள். அப்டன் பார்க் மேல்மாடி ஆபீஸ் ஒருநாள் மூடியிருந்தது. லோயர் அண்ணைக்கு உடம்பு சரியில்லை, தூரத்தில் மகனோடு போய் இருக்கிறார் என்று சொன்னார்கள். நான் பாவம் என்று நினைத்தேன்.

ஒரு மாரி காலத்தில் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் பழுதாகிவிட்டது. திருத்துகிறவர் இன்றைக்கு வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று நாளைக் கடத்தினார். ஆகவே ஃபாரஸ்ட் கேட்டில் காசு போட்டுத் துணி துவைக்கும் ஒரு கடைக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன். மெஷினிலிருந்து ஈரப் படுக்கை விரிப்பை இழுக்கிறேன். அது கைக்குள் நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி விழுகிறது. பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தார். என்னைவிட மூத்தவர். முகத்தைப் பார்த்த உடனேயே எங்கள் ஆள் என்று தெரிந்தது. இரண்டு பேருமாக விரிப்பை மடித்துக் காயவைக்கும் மெஷினுக்குள் போட்டோம்.

அடுத்த கிழமையும் அவர் அங்கே இருந்தார். காயும் வரை பேச ஏதாவது வேண்டுமே. கைக்கு என்ன நடந்தது என்று கேட்டார். வேலையில் ஒரு விபத்து, வழக்குப் போட்டோம், தோற்றுவிட்டது என்றேன். வழக்கமாக இவ்வளவு சொன்னதும் ஆட்கள் ஐயோ என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். இவர் போகவில்லை.

"ஆர் லோயர்?"

நான் சொன்னேன்.

அவர் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தார். அதை மற்றச் சட்டைகளுக்கு மேல் வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்: "ஜட்ஜ் உங்களை நம்பேல்லை எண்டு சொன்னவரோ?"

நான் அந்த வசனத்தை இவரிடம் சொல்லவில்லை. உண்மையில் என் கணவரைத் தவிர வேறு யாரிடமும் அதை நான் சொன்னதில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"எனக்கும் அதைத்தான் சொன்னவர், பிள்ளை. வழக்கே போடேல்லை. கோட்டிலை அப்பிடி ஒரு வழக்கே இல்லை."

அவருடைய கதை இதுதான். ஒரு கடையின் ஈரத் தரையில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது. அதே மேல்மாடி, அதே பிளேன்டீ, அதே காத்திருப்பு, கடைசியில் அதே வசனம். ஆனால் அவருக்குச் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஒரு மருமகன் இருந்தான், அண்ணனின் மகன். அவன் வழக்கின் எண்ணைக் கேட்டிருக்கிறான். லோயர் அண்ணை தேடித் தருகிறேன் என்றாராம், தரவில்லை. அவன் கோர்ட்டுக்கே போன் செய்து கேட்டு உண்மையைக் கண்டுபிடித்துவிட்டான். இவர் மாடியேறிப் போய்க் கேட்டபோது லோயர் அண்ணை அழுதிருக்கிறார். என் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள் என்று கும்பிட்டிருக்கிறார். இவருடைய கணவரும், அந்த மனிதர் எங்கள் எத்தனை குடும்பங்களுக்கு விசா எடுத்துத் தந்தவர், விட்டுவிடு என்று சொல்லியிருக்கிறார். இவர் விட்டுவிட்டார். அது நடந்து எட்டு வருடம் இருக்கும் என்றார்.

காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அது பிறகுதான் வந்தது. முதலில் வந்தது வேறு. எந்த நீதிபதியும் என்னை நம்பாமல் விடவில்லை. எந்த நீதிபதியும் என்னைப் பற்றி யோசிக்கவே இல்லை. அந்த ஆள் இல்லவே இல்லை! தெருவில் நின்று மூட்டையை ஒரு மதிலில் வைத்துவிட்டுச் சிரித்தேன். நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரு கிழவர், நலமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நலம், நன்றி என்றேன். அந்த நன்றியை அவருக்கு ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

என் கணவரிடம் சொன்னபோது அவர் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பஸ் கம்பனி ஜாக்கெட்டைக்கூடக் கழற்றவில்லை. "நான் உம்மை அண்டைக்கு அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர்தான் விசாரித்து, ஒரு நூலகத்தின் பின் அறையில் கிழமைக்கு ஒரு நாள் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். அங்கே இருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், நாற்பது வயதிருக்கும். தமிழில் பேசலாமா என்று நான் தயங்கிக் கேட்டபோது, "தாராளமா பேசுங்கக்கா, எனக்கும் பேசி நாளாச்சு" என்றார். முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. அவரே கோர்ட்டுக்கு எழுதிக் கேட்டார். என் பெயரில் எந்த வழக்கும் பதிவாகவில்லை. தொழிற்சாலையில் நடக்கும் விபத்துகளுக்குப் பணம் கொடுக்கும் காப்புறுதிக்காரரைக் கேட்டார். ஆரம்பத்தில் எங்கள் சொலிசிட்டரிடமிருந்து சில கடிதங்கள் வந்ததாகவும், பிறகு மூச்சுப் பேச்சில்லை என்றும் பதில் வந்தது. காயப்பட்டவர் வழக்குப் போட இந்த நாட்டில் மூன்று வருடக் கெடு. லோயர் அண்ணை அதைத் தவறவிட்டிருக்கிறார். தவறவிட்டதை மறைக்க ஒரு வழக்கையும் ஒரு நீதிபதியையும் ஒரு தீர்ப்பையும் தானே உண்டாக்கியிருக்கிறார்.

அவர் மேல் வழக்குப் போடலாமா என்று கேட்டேன். அங்கேயும் ஒரு கெடு இருக்கிறது என்றார் அந்தப் பெண். சாதாரணமாக, சொலிசிட்டர் தவறு செய்து ஆறு வருடத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். எனக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. என் முகம் மாறியதைப் பார்த்து அவர் அவசரமாகச் சொன்னார்:

"இருங்கக்கா, முடிக்கல. ஏமாத்தி இருந்தா, இல்ல வேணும்னே மறைச்சிருந்தா, அந்த ஆறு வருஷம் எண்ண ஆரம்பிக்கிறதே நீங்க கண்டுபிடிச்ச நாள்ல இருந்துதான். ஏமாத்துனவனுக்கு அவன் பொய்யே கவசமாகக் கூடாதுன்னு சட்டம் நினைக்குது."

ஆனால் அதில் ஒரு முடிச்சு இருந்தது. கண்டுபிடித்த நாள் மட்டும் அல்ல. நியாயமான அக்கறை எடுத்திருந்தால் எந்த நாளில் கண்டுபிடித்திருக்க முடியுமோ அந்த நாளிலிருந்தும் கெடு தொடங்கலாம். லோயர் அண்ணையோடு தொழிலில் ஒரு பங்காளி இருந்தார், அவருக்கு இது ஒன்றும் தெரியாது. அப்படி ஏமாற்றில் சேராத ஒருவர் இருப்பதால், அந்த நிறுவனத்துக்கு இருந்த காப்புறுதிதான் இப்போது பதில் சொல்ல வேண்டும். அவர்கள் இதைத்தான் பிடிப்பார்கள் என்றார்: கோர்ட்டுக்கு ஒரு போன் செய்திருந்தால் தெரிந்திருக்குமே, ஏன் செய்யவில்லை?

புறப்படும்போது, என்னோடு சேர்த்து துணி துவைக்கும் கடையில் சந்தித்த அக்காவின் வழக்கையும் எடுக்க முடியுமா என்று கேட்டேன். அவருக்கு எப்போது தெரிய வந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். வேறு வழிகளையும் யோசித்துச் சொன்னார். எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு கெடு இருந்தது, எல்லாம் கடந்திருந்தது. எனக்குக் கதவைத் திறந்துவிட்டவருக்குக் கதவு மூடிக்கிடந்தது. காரணம் வேறொன்றும் இல்லை. அவருக்கு உண்மை முன்னமே தெரிந்துவிட்டது.

அதை அவரிடம் சொல்ல எனக்குப் பல நாள் மனம் வரவில்லை. கடைசியில் அவருடைய வீட்டுக்கே போனேன். நான் தொடங்கும்போதே அவர் கையை உயர்த்தினார். அந்த மருமகன் அப்போதே ஆறு வருடம் என்று எச்சரித்தானாம். ஒவ்வொரு வருடமும் நினைத்துக்கொண்டுதான் இருந்தாராம். பிறகு ஒரு வருடம் நினைப்பதை விட்டுவிட்டாராம். அவரே பேச்சை மாற்றி, உங்களுக்குச் சாட்சி சொல்ல ஆள் வேண்டுமா என்று கேட்டார்.

சாட்சிக்கு அவர் வந்தால் நல்லதும் உண்டு, ஆபத்தும் உண்டு என்றார் திருநெல்வேலிக்காரர். ஒரே பொய்யை லோயர் அண்ணை இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறார் என்பதற்கு அவரே அத்தாட்சி. ஆனால் இவர் ஒரு போனில் கண்டுபிடித்தாரே, நீங்கள் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று எதிர்ப்பக்கம் திருப்பிவிடலாம். இரண்டு நாள் யோசித்துவிட்டு, உண்மையைச் சொல்ல வருகிறவரை நாம் தடுக்கக் கூடாது என்று முடிவு செய்தோம்.

திருநெல்வேலிக்காரரின் உதவியோடு அந்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டோம். அது கெடுவுக்குள் வந்ததா என்பதை மட்டும் முதலில் விசாரிக்க ஒரு நாள் குறித்தார்கள். மத்திய லண்டனில், சாதாரண ஆபீஸ் மாதிரி ஒரு கட்டடம். நீதிபதி அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி. இருமல் வந்து அடிக்கடி தண்ணீர் குடித்தார். என் கையைப் பார்த்துவிட்டு, கை வைத்த நாற்காலி ஒன்று கொண்டுவரச் சொன்னார். அவ்வளவுதான் செய்தார். ஆனால் உட்காருமுன் நான் அவரை இன்னொரு முறை பார்த்தேன்.

நான் தமிழில் பேசினேன். மொழிபெயர்ப்பாளர் சென்னைப் பெண். எதிர்ப்பக்க பாரிஸ்டர் மரியாதையாகத்தான் கேட்டார். வழக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள நீங்கள் என்ன செய்தீர்கள்? "லோயரோடை எத்தினையோ தரம் கதைச்சனான்" என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதை, நான் சொலிசிட்டரிடம் பல முறை கதை சொன்னேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். பாரிஸ்டரின் புருவம் உயர்ந்தது. கதைகளா என்று கேட்டார். எனக்கு ஆங்கிலம் அந்த அளவுக்கு விளங்கும். ஆனால் நான் வாயைத் திறக்குமுன் அந்த மொழிபெயர்ப்பாளரே நீதிபதியைப் பார்த்துக் கையை உயர்த்தினார். தவறு தன்னுடையது, யாழ்ப்பாணத் தமிழில் கதைப்பது என்றால் பேசுவது, தயவுசெய்து திருத்திக்கொள்ளுங்கள் என்றார். நீதிபதி புன்னகைத்து, எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு எழுதினார். இவ்வளவு பேர் முன்னால் தன் பிழையை அந்த நொடியே ஒப்புக்கொண்ட அந்தப் பெண்ணை நான் இப்போதும் நினைப்பேன்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. கோர்ட்டிலிருந்து உங்களுக்கு ஒரு துண்டுத் தாள்கூட வரவில்லை. உங்களை யாரும் கூப்பிடவில்லை. ஒரு போன் செய்து கேட்டிருக்கலாமே, ஏன் கேட்கவில்லை?

திருநெல்வேலிக்காரர் என்னிடம் சொல்லியிருந்தது ஒன்றுதான்: பதிலைப் பாடமாக்காதீர்கள். நான் பாடமாக்கவில்லை.

"ஒராள் உங்களை நம்பேல்லை எண்டு சொன்னா, திரும்பிப் போய் அவரிட்டையே ஏன் எண்டு கேக்க ஆருக்கு மனம் வரும்? எனக்கு வெக்கமா இருந்தது. நான் கேக்கக் கூடாது எண்டுதான் அவர் அந்த வசனத்தைச் சொன்னவர் எண்டு இப்பத்தான் விளங்குது."

மொழிபெயர்ப்பாளர் இதை மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். பாரிஸ்டர் அடுத்த கேள்விக்குப் போனார்.

அக்காவின் முறை மத்தியானத்துக்கு முன் வந்தது. பச்சை நிறக் கம்பளிச் சட்டை போட்டு, கைத்தடியோடு வந்தார். பயந்தது போலவே கேட்டார்கள்: நீங்கள் கண்டுபிடித்தீர்கள்தானே? அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "ஓம், கண்டுபிடிச்சனான். எனக்குச் சட்டம் படிச்ச மருமகன் இருந்தவன், நம்பரைக் கேட்டவன். இவவுக்கு அப்பிடிக் கேக்க ஆரும் இருக்கேல்லை. அவன் கேட்டிருக்காட்டி நானும் இண்டைக்கு வரைக்கும் நம்பிக்கொண்டுதான் இருந்திருப்பன்." அப்படியானால் நீங்கள் ஏன் வழக்குப் போடவில்லை என்று கேட்டார்கள். பயம், தயவு, கணவரின் பேச்சு என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். தனக்கு இனி ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்துகொண்டே சொன்னார்.

சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு நீதிபதி திரும்பி வந்து முடிவைச் சொன்னார். தன் சொலிசிட்டர் சொன்னதை நம்பிய ஒருவர், சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லாதபோது, அவருக்குப் பின்னால் போய்ச் சரிபார்த்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்ப்பதில்லை. இங்கே சந்தேகம் வராதபடி சொலிசிட்டரே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகவே கெடு, நான் உண்மையை அறிந்த நாளில்தான் தொடங்கியது. வழக்கு நேரத்துக்குள் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்று சொன்னார். எனக்கு ஆங்கிலத்திலேயே விளங்கியது. ஆனாலும் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தேன். அவர் தமிழில் சொன்னார்: "இவர் உண்மை பேசுகிற சாட்சி. நான் இவரை நம்புகிறேன்."

திரும்ப ஒருமுறை சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் சொன்னார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

அதன் பிறகு காப்புறுதிக்காரர்கள் நீண்ட நாள் இழுக்கவில்லை, பேசி முடித்துக்கொண்டார்கள். அந்தப் பணத்தில் வீட்டில் செய்ய வேண்டியவற்றைச் செய்தோம். அக்காவுக்கு ஒரு பங்கு கொடுக்க நானும் கணவரும் போனோம். அவர் கோபித்துக்கொண்டார். அதோடு அந்தப் பேச்சை விட்டோம். லோயர் அண்ணை கோர்ட்டுக்கு வரவில்லை, வருகிற நிலையில் அவர் இல்லை என்றார்கள். அவரை நினைத்தால் கோபம் வராமல் இல்லை. ஆனால் என் கணவர் ஒவ்வொரு நாளும் பயமில்லாமல் பஸ் எடுத்துக்கொண்டு போவதற்கும் அவர்தான் காரணம். அதையும் இதையும் எப்படிக் கழித்துப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்காமல் இரண்டையும் அப்படியே வைத்திருக்கிறேன்.

தீர்ப்பு வந்த அன்று, கோர்ட்டுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது அக்காவிடம் நன்றி சொல்ல முயன்றேன். அவர் கைத்தடியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்:

"அந்த ஜட்ஜ் மனிசி சொன்னதிலை பாதியை எனக்கெண்டு எடுத்துக்கொள்ளுறன், பிள்ளை. எனக்கும் ஆரோ ஒராள் அதைச் சொல்ல வேண்டியிருந்தது."

பஸ் வந்தது. இரண்டு பேரும் கீழ்த்தட்டிலேயே உட்கார்ந்தோம்.

விஷயம் பரவிய பிறகு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் உண்டு. வெவ்வேறு சொலிசிட்டர்கள், வெவ்வேறு கதைகள். சிலது ஏமாற்று, சிலது வெறும் கவலை. எங்களுக்குச் சட்டம் தெரியாது. நூலகத்துப் பின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போவதுதான் எங்கள் வேலை. போன சனிக்கிழமை அக்கா ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீடு வாங்கியவர். வீடு தன் பெயரில் பதிவாகவே இல்லை என்று அறிந்து, எல்லாம் முடிந்துவிட்டது, எவ்வளவோ வருடமாகிவிட்டது என்று அழுதுகொண்டே வந்தார். அக்கா அவரை நாற்காலியில் இருத்தி, வேறொன்றும் கேட்காமல், உங்களுக்கு இது எப்போது தெரிய வந்தது என்று மட்டும் கேட்டார். போன கிழமை என்றார் அந்தப் பெண். அக்காவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"அப்ப நேரம் கிடக்குது. முதல்லை சாப்பிடுங்கோ" என்றார். நான் அடுப்பில் இருந்த சோற்றை இறக்கினேன்.